எல்லை கட்டிய காலையும் எல்லை வரைந்த மதியமும்

மேஜைமேல் விரித்த மேப் அடங்கவே இல்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் சுருட்டிக்கொண்டது. கடைசியில் நான்கு மூலையிலும் நான்கு டீ டம்ளரை வைத்தார்கள். ஒரு டம்ளரில் பாதி டீ இருந்தது. அது சிந்தி எங்கள் ஊர்மேல் வழிந்துவிடுமோ என்றுதான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தா அது. பங்குனி வெயிலில் தகரக் கூரை டப் டப்பென்று தெறித்தது. எங்கள் ஊரைத் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்து, அதற்குக் கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பென்சிலைக் கையில் எடுத்தார்.

"கோயில் முறைகாரர் யாருங்க?"

திருவிழாவை முன்நின்று நடத்தும் முறை எங்கள் வீட்டுக்கு என்பதால், என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"சொல்லுங்க. உங்க ஊர் எது வரைக்கும்? பள்ளத்தோட முடியுதா, பள்ளம் தாண்டியும் இருக்கா?"

பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. மழை பெய்தால் தண்ணீர், மற்ற நாளெல்லாம் வேலிக்காத்தான் முள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உழைப்பாளர் நகர். தென் ஜில்லாக்களிலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகளில் தைத்தும் மடித்தும் மிச்சம் பிடித்து, ஆளுக்கு ஒன்றரை சென்ட் சைட் வாங்கி வீடு கட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் "பள்ளத்தோட முடியுதுங்க" என்றால் அவர்கள் மாநகராட்சிக்கு வெளியே. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். "தாண்டியும் இருக்குதுங்க" என்றால் அவர்கள் உள்ளே.

பள்ளத்தோடு முடிகிறது என்று எழுதிய மனுவில் ஊர்க்காரர்களோடு நானும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த மனுவை எழுதவைத்த என் பெரியண்ணன் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

என் வலது கையில், மஞ்சள் நூலில், அம்மன் காப்பு இருந்தது.

அந்தக் காப்பைப் பற்றிச் சொல்லாமல் நான் சொன்ன பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்து வந்த பலகை

நான் எட்டாவதோடு நின்றவன். நகராட்சிச் சரித்திரமெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பலகை நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் சின்ன வயதில் திருப்பூர் டவுன் என்பது ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றித்தான். நாங்கள் பஸ்ஸில் போகும்போது ஆற்றுப்பாலம் நெருங்கினால் மஞ்சள் பலகை ஒன்று வரும். "நகராட்சி எல்லை ஆரம்பம்." அதைக் கண்டதும் பஸ்ஸில் பெண்கள் கூந்தலைச் சரிசெய்வார்கள். ஆண்கள் தொடைக்குமேல் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுவார்கள். டவுன் வந்துவிட்டது, பாருங்கள்.

பிறகு ஒருநாள் பார்த்தால் பலகை பாலத்தைத் தாண்டி வந்து நிற்கிறது. இன்னும் சில வருஷம் கழித்து, அதே பலகை மங்கலம் ரோட்டில் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் நிற்கிறது. சோளம் அறுத்த இடத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓடியது. பலகை மறுபடி கிளம்பியது. நகராட்சி என்ற எழுத்தை அழித்து மாநகராட்சி என்று எழுதினார்கள். அது காலெடுத்து வைத்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது நமக்கு ஒரு எட்டு பக்கத்தில் நின்றது.

பெருமாள் மூன்றடியால் உலகத்தை அளந்தார் என்று கோயிலில் கதை கேட்டிருக்கிறேன். ஓர் அடிக்கும் இன்னோர் அடிக்கும் நடுவில் இருந்த சனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். தலைக்குமேல் ஒரு பாதம் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே ஊன்றும் என்று தெரியாது. பயமும் உண்டு, கும்பிடத் தோன்றுவதும் உண்டு.

தாடிக்காரர் படம்

பலகை எங்கள் ஊருக்கு வருமுன், எங்களுக்கு ஊராட்சிதான். அதில் ஒரு ஐந்து வருஷம் செங்கொடிக்காரர் ஆண்டார். ரங்கசாமித் தோழர். பேரில் சாமி உண்டே தவிர, சாமி கும்பிடமாட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, சங்கத்துக்கு வந்து, தலைவராக ஜெயித்தவர்.

ஜெயித்த முதல் வாரத்திலேயே தண்ணீர்த் தொட்டியின் வால்வுச் சாவியை ஊராட்சி ஆபீஸ் வாசலில் ஆணியடித்து மாட்டிவிட்டார். எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்றார். வீட்டுக்கு ஆறு குடம். தோட்டக்காரர் வீடானாலும் ஆறு, லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரானாலும் ஆறு. கூட்டத்தில் எழுதிய தீர்மானத்தை மாதம் ஒருதடவை வேப்பமரத்தடியில் சத்தமாக வாசிக்கச் செய்வார். கேட்கிறவர்கள் கேட்கலாம், கோழி மேய்ப்பவர்கள் மேய்க்கலாம்.

பெரியண்ணன் தொட்டிக் குழாயிலிருந்து தன் தோட்டத்துக்கு ஒரு தனிக் குழாய் இழுத்திருந்தார். தோழர் அதை நின்று அறுக்கவைத்தார். இரண்டு பேருக்கும் சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

ஆனால் தோழர் தன் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்த ஒரு காலையில் அவர் சம்சாரம் ஏழாவது குடத்தை நீட்டியபோது நானும் குழாயடியில் நின்றேன்.

"ஒறம்பரை வந்திருக்குதுங்க, ஒரு குடம் எச்சு வேணும்" என்றது அந்தம்மா.

"ஒறம்பரைக்கு ஒரு டம்ளர் போதும். குடத்தை எடு" என்றார் தோழர்.

"இந்த ஆளுக்கு வாக்கப்பட்டதுக்கு நான் தொட்டிக்கே வாக்கப்பட்டிருக்கலாம்!"

குழாயடி முழுக்கச் சிரிப்பு. தோழரும் சிரித்தார். ஆனால் வால்வைத் திறக்கவில்லை.

ஆபீஸ் சுவரில் தோழர் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் படம் மாட்டியிருந்தார். என் வீட்டுக்காரி ஒரு சான்றிதழுக்காகப் போனவள், ஏதோ சித்தர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளிப் படத்தில் செருகிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று முழிக்கிறேன்.

"அவரு சாமி இல்லீங்கம்மா" என்றார் தோழர்.

"பின்ன யாருங்க?"

"எல்லாத்துக்கும் சமமாப் பங்கு போடோணும்னு சொன்னவருங்க."

"அப்பறம் என்னங்க, சாமிதான்" என்று சொல்லிவிட்டு இவள் வந்துவிட்டாள். பூவை அவரும் எடுக்கவில்லை. வாடிச் சருகாகும் வரை அது படத்திலேயே இருந்தது.

அந்த மனுஷனால் முடியாமல் போன காரியம் ஒன்றுதான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குழாய் போடுவது. "அது நம்ம எல்லை இல்லீங்க" என்று எங்கள் ஊர் சொன்னது. அடுத்த ஊராட்சியோ, "எங்க ஊருக்கும் அதுக்கும் நடுவுல எத்தனை காடு கெடக்குது, எங்களது இல்லீங்க" என்றது. வீடு கட்டி, பிள்ளை பெற்று, கல்யாணம் நடத்துகிறார்கள். அவர்கள் இருக்கிற இடம் எந்த ஊர் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. தோழர் ஐந்து வருஷம் முடிந்து இறங்கினார். மனுப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

செல்லத்தாயின் கேன்

என்னிடம் ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதை ஏழெட்டு மிஷினில் தைத்துக் கொடுப்போம். அங்கே ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுபவர் செல்லத்தாய். தெற்கத்திப் பெண். உழைப்பாளர் நகரில் வீடு. என்னிடம் பல வருஷமாக வேலை செய்கிறார்.

தினமும் வேலை முடிந்து போகும்போது, கம்பெனிக் குழாயில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் பிடித்து, மொபெட்டின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைத்துக்கொண்டு போவார்.

"அண்ணாச்சி, ரெண்டு கேன் பிடிச்சுக்கிடுதேன்" என்று தினமும் கேட்பார். தினமும் நான் தலையாட்டுவேன். ஒருநாளும் நான், ஏன் என்று கேட்டதில்லை. மனு வந்தபோது கையெழுத்துப் போட்டேனே, அன்றைக்குச் சாயங்காலமும் அவர் கேட்டார், நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியண்ணன் சொன்ன நியாயம் எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. "இப்பவே பத்து நாளைக்கு ஒருக்காத் தண்ணி வருது. பள்ளத்துக்கு அக்கட்டால இருக்கற அத்தனை ஊட்டையும் சேத்துனா பதனஞ்சு நாளாயிப்போகும். நம்ம பொம்பளைங்கதானே தம்பி குடத்தத் தூக்கோணும்?"

பேசாமல் நடக்கிற வழி

அதிகாரி வருவதற்கு ஐந்து நாள் முன்னால் எங்கள் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கினோம். கோயில் முன்னால் திருவிழாக் கம்பம் நட்டாகிவிட்டது; திருவிழா முடியும் நாளில்தான் அதைப் பிடுங்குவோம். மறுநாள் விடிகிற நேரத்தில் எல்லை கட்டுவது வழக்கம். பூசாரி மாரப்பன் வேப்பிலையோடு முன்னால் நடப்பார். முறைகாரன் என்பதால் நான் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அவர் பின்னால். செம்பிலிருந்து நூல்போலத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஊரைச் சுற்றி வரவேண்டும். எனக்குப் பின்னால் பெரியண்ணனும் பத்துப் பேரும்.

இதற்குச் சட்டம் மூன்று. வாய் திறந்து பேசக் கூடாது. வைத்த காலைத் திரும்ப எடுத்துப் பின்னால் வைக்கக் கூடாது. தண்ணீர்க் கோடு அறக் கூடாது. சுற்றிக் கோயிலுக்கு வந்து கோட்டை முடித்ததும், சுற்றினவர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். அந்தக் கோட்டுக்குள் இருப்பது அம்மனுடைய ஊர். கம்பம் பிடுங்கும் நாள் வரை, காப்புக் கட்டியவன் வெளியூரில் தங்கக் கூடாது, பொய் பேசக் கூடாது.

அன்றைக்கும் நடந்தோம். வடக்கே சுற்றி, கிழக்கே இட்டேரியில் இறங்கினோம். இரண்டு வேலிக்கு நடுவே போகும் பழைய வண்டிப்பாதை அது. பள்ளத்தின் இந்தக் கரையை ஒட்டியே போகும். எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் நடந்த தடம்.

இட்டேரி பாதியில் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு காம்பவுண்டுச் சுவர்.

ஏதோ ஒரு புதுக் கம்பெனி அந்த மாதம்தான் கட்டி முடித்திருக்கிறது. சிமெண்டு வாசம்கூடப் போகவில்லை. அந்தத் தடத்தில் இப்போது யாரும் போவதில்லை, பெரியண்ணன்கூடத் தோட்டத்துக்குத் தார் ரோட்டில்தான் போவார், அதனால் சுவர் இட்டேரியை அடைத்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. பூசாரி நின்றார். நான் நின்றேன். செம்பிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து மண் குழைந்தது.

பேசவும் முடியாது. திரும்பவும் முடியாது.

வலது பக்கம் ஊருக்குள் போகும் சந்து. அதில் திரும்பினால் சுவருக்கு அப்பால் இருக்கும் பெரியண்ணன் வீடும் தோட்டமும் இந்த வருஷம் எல்லைக்கு வெளியே போய்விடும். இடது பக்கம் பள்ளம். பூசாரி லேசாக வலது பக்கம் சாய்ந்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, இடது பக்கம், இடது பக்கம் என்று காற்றை வெட்டியது. பெரியண்ணன் கை. சுவரைச் சுற்றிக்கொண்டு நாலு எட்டில் மறுபடி இட்டேரிக்கு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

இடது பக்கம் போனோம். சுவர் முடியவில்லை. பள்ளத்தின் கரையோடு கரையாக அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முள்ளுக்கு நடுவே தரைப்பாலம் ஒன்றுதான் வழி. ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் உழைப்பாளர் நகர். வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். நடுவே புகுந்து வர இடமில்லை. கடைசி வரிசை வீடு வரை போய்ச் சுற்றினால்தான் அடுத்த பாலம்.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு, ஒரு பேச்சில்லாமல் இத்தனை பேர் வருகிறோம்.

"என்ன அண்ணாச்சி, இங்கன எங்க வந்திய?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம்.

"ஏல, சும்மா இரி. சாமி வருது." அது செல்லத்தாயின் குரல்.

அங்கேதான் என் செம்பு காலியானது. பழைய வழிக்கு அளந்து எடுத்த தண்ணீர் அது. கடைசிச் சொட்டு விளிம்பில் தொங்கியது. கோடு அறப்போகிறது. வாய் திறக்க முடியாது. செம்பை நான் முழுக்கக் கவிழ்த்துப் பிடித்திருந்ததைச் செல்லத்தாய் பார்த்தார். உள்ளே ஓடினார். நீல நிறக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் வாயைச் செம்பில் சாய்த்தார். பிறகு இன்னொருமுறை உள்ளே ஓடி, ஒரு சிட்டிகை மஞ்சளைக் கொண்டுவந்து போட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் என் கம்பெனிக் குழாயில் பிடித்த தண்ணீர். இரவு போக மிச்சம் ஒரு செம்பளவுதான்; அன்றைக்கு அந்த வீட்டுக்கு உலை வைக்க, குடிக்க, அவ்வளவுக்கும் அதுதான். முழுசாக ஊற்றிவிட்டு, காலி கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பிட்டு நின்றார்.

கோடு அறவில்லை. அந்தத் தண்ணீரை விட்டுக்கொண்டே நகரைச் சுற்றி, அடுத்த பாலம் ஏறி, பெரியண்ணன் தோட்டத்தை வளைத்து, கோயில் வாசலில் கொண்டுவந்து கோட்டை முடித்தேன்.

அவிழ்க்கத் தெரியாத பூசாரி

காப்புக் கட்டி முடித்ததும்தான் எல்லாருக்கும் வாய் திறந்தது.

"இது செல்லாது. நாளைக்கு மறுபடி கட்டோணும்" என்றார் பெரியண்ணன்.

"கட்டறதுக்குத்தானுங்க எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. கட்டுனதை அவுக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கலீங்க" என்றார் மாரப்பன்.

"தப்பாக் கட்டிப்போட்டயேடா!"

"நான் சோத்தாங்கைப் பக்கந்தானுங்க சாஞ்சேன். பீச்சாங்கைப் பக்கம் கை காட்டுனது ஆருன்னு அம்மாளுக்குத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாரப்பன் என் பக்கம் குனிந்து, "கம்பம் புடுங்கற அன்னிக்கு அதுவா அவுந்துக்குமுங்க. அது வரைக்கும் அக்கட்டாலயும் நம்ம ஊருதான்" என்றார்.

வராந்தா

இப்போது மறுபடி அந்த மேஜைக்கு வருவோம்.

"உங்க ஊர் எது வரைக்கும்?" என்று அதிகாரி கேட்டார். காப்புக் கட்டிய கை மேப்பின்மேல் இருக்கிறது. பின்னால் அண்ணன். தூணோரம் ரங்கசாமித் தோழர், தோளில் மனுப் பை. வராந்தாவுக்கு வெளியே வெயிலில் செல்லத்தாயும் உழைப்பாளர் நகர்ப் பெண்களும் முந்தானையைத் தலையில் போட்டு நிற்கிறார்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"பள்ளம் தாண்டியும் இருக்குதுங்க" என்றேன்.

"டேய்!" என்றார் அண்ணன்.

அதிகாரி ஒரு காகிதத்தைப் புரட்டினார். "பள்ளத்தோட முடியுதுன்னு இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அது எல்லை கட்டறதுக்கு முந்திங்க."

"எந்த எல்லை?"

சொன்னேன். சுவர், செம்பு, கேன், எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேப்பில் விரலை வைத்து நான் சொன்ன வழியைத் தடவிப் பார்த்தார்.

"இதுல அப்படி ஒரு கோடு இல்லீங்களே?"

"தண்ணிக் கோடுங்க. காஞ்சிருக்குமுங்க."

தூணோரத்திலிருந்து தோழர் பேசினார். "சார், அம்மன் வந்து கட்டுச்சோ, சுவரு வந்து கட்டுச்சோ, எனக்குத் தெரியாதுங்க. அவிய பிள்ளைங்க படிக்கறது இந்தப் பள்ளிக்கூடம். ரேசன் வாங்கறது இந்தக் கடை. ஒழைக்கறது இந்த ஊருக் கம்பெனி. ஊர்க்காரர் வாயிலிருந்தே வந்துருச்சு. எழுதிக்குங்க."

அதிகாரி பென்சிலால் பள்ளத்தைத் தாண்டிப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டார். நான் தண்ணீர் விட்டுப் போன அதே வழி. என் கண் முன்னால், காகிதத்தின்மேல், பென்சில் அந்த நகரைச் சுற்றி வந்தது. கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல என் கை தானாகக் குவிந்தது. ஒரு சர்க்கார் அதிகாரி, செருப்புப் போட்ட காலோடு, அம்மனுக்கு எல்லை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபம் இருந்தா இன்னும் பதினஞ்சு நாளைக்குள்ள ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்கலாம்" என்று சொல்லி மேப்பைச் சுருட்டினார்.

காப்பு அவிழ்த்த பிறகு

கம்பம் பிடுங்கினோம். காப்பை அவிழ்த்துக் கம்பத்தோடு கிணற்றில் விட்டோம். மறுநாள் காலை பெரியண்ணன் டைப் அடித்த ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"காப்பு அவுத்தாச்சு. இனி நீ என்ன சொன்னாலும் அம்மா கேக்க மாட்டா. வண்டியில ஏறு. அன்னிக்குத் தெரியாமச் சொல்லிப்போட்டேன்னு சொல்லி இதுல கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

நான் அவர் பேச்சைத் தட்டியதே கிடையாது. அப்பா போனபிறகு என்னை வளர்த்துவிட்டவர். முதல் மிஷின் வாங்க முன்னால் நின்றவர். ஏறி உட்கார்ந்தேன். வழி முழுக்க என் கை என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. மஞ்சள் மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. நூல் இல்லை. இப்போது நான் எதையும் சொல்லலாம். அப்படித்தான் அண்ணன் சொல்கிறார்.

ஆபீஸ் வராந்தா பெஞ்சில் ரங்கசாமித் தோழர் மனுப் பையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து, "வாங்க" என்றார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அதிகாரி காகிதத்தை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விரதத்துல இருந்ததால அப்படிச் சொல்லிட்டீங்கன்னு இதுல இருக்கு. இப்ப விரதம் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"அப்ப இப்ப சொல்லுங்க. எது வரைக்கும்?"

அண்ணன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார். காப்பு இருந்தபோது சொன்னது சுலபம். அம்மனுக்குப் பயந்து சொன்னேன். இப்போது நூலும் இல்லை, கம்பமும் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். காலி கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற செல்லத்தாய் கண்ணுக்குள் வந்தார். எல்லைக் கோட்டில் பாதி அவர் வீட்டுத் தண்ணீர். அது காய்ந்துவிட்டது என்பதற்காக விழவில்லை என்றாகிவிடுமா?

"பள்ளம் தாண்டியும் எங்க ஊருதானுங்க" என்றேன். "வேற காகிதம் குடுங்க. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றனுங்க."

அண்ணன் பேனாவைத் திரும்ப எடுத்து மூடியைப் போட்டார். சட்டைப் பையில் செருகினார். "நடந்து வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கீழே அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அதிகாரியின் பேனாவால் எழுதினேன். என் கையெழுத்து எட்டாவதில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அன்றைக்கு இன்னும் கோணலாக வந்தது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல மாதம் கழித்து வந்த மாநகராட்சிப் பட்டியலில் உழைப்பாளர் நகரின் பேர் எங்கள் ஊரோடு சேர்ந்து இருந்தது. பள்ளத்துக்குமேல் குழாய் போட இன்னும் கொஞ்ச காலம் ஆனது. தண்ணீர் பதினைந்து நாளாகவில்லை. பத்தாகவேதான் இருக்கிறது, சில வாரம் பன்னிரண்டு. செல்லத்தாய் இப்போது கேன் கொண்டுவருவதில்லை. அண்ணன் வெகுநாள் பேசவில்லை. இப்போது என்னிடம் பாதிப் பேச்சு பேசுகிறார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று தெரியும். அண்ணா, இதையும் கேளுங்கள்.

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றேன். தோழர் தன் பழைய டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்க. பாரம் தாங்கும்."

வழியில் அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார், நூல் விலையைப் பற்றிப் பேசினார். எங்கள் கோயில் முக்கு வந்ததும் வண்டி நின்றது.

"ஏனுங்க, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?"

"இல்லீங்க. கும்பிடாம நீங்க இதைத் தாண்ட மாட்டீங்க. கும்பிட்டுட்டு வாங்க."

இன்ஜினை அணைத்துவிட்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நான் வாசலில் நின்று கைகூப்பினேன். எப்போதும் போனால் என் வீட்டுக்காரி முழங்கால், பிள்ளைகள் படிப்பு, ஆர்டர் என்று வரிசையாகக் கேட்பேன். அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மா, இந்த மனுசனையும் உன்ற எல்லைக்குள்ள வெச்சுக்கோ என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுட்டனுங்க."

தோழர் வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

"செரி போங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "நானும் உங்களைச் சேத்துத்தான் மனு எழுதியிருக்கறேன். உங்க கம்பெனிச் சந்துக்கும் ஒரு பொதுக் குழாய் கேட்டு."